காப்பீடு இல்லாமல் பல் வைத்தியம்: எதை முதலில் செய்வது, பணத்தை எப்படிக் கட்டுவது

நான் ஒரு பல் கிளினிக்கின் பில் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். எஸ்டிமேட் தாளை நீட்டியதும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். சிலர் பதறிப்போய் மொத்தத்துக்கும் கார்டைத் தேய்த்துவிடுவார்கள். மற்றவர்கள் "வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று போய், ஆறு மாதம் கழித்துக் கன்னம் வீங்கித் திரும்புவார்கள். இரண்டிலும் செலவு கூடத்தான் செய்கிறது. இங்கே சொல்வது தமிழ்நாட்டு நிலவரம். படிகளை வரிசை மாற்றாமல் பாருங்கள். முக்கால்வாசிப் பணம் வீணாவது வரிசை தப்பும்போதுதான்.

1. காப்பீடு உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள்

வழக்கமான மெடிக்ளெய்ம் பாலிசிகள் பல்லைச் சேர்ப்பதில்லை. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் விதிவிலக்கு. சில பாலிசிகளில் வெளிநோயாளிச் செலவு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அதில் பல்லும் வரலாம். பாலிசிப் புத்தகத்தில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று போட்டிருக்கும் பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் பல் சிகிச்சைக்கு வழி உண்டு. முதலில் உங்களுக்கு ஒதுக்கிய இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போங்கள், அங்கிருந்து மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். நேராக மருத்துவமனைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால்தான் இந்த வரிசை.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கேட்பார்கள். சொத்தையை அடைக்கவும், பல்லுக்கு மேல் கேப் என்ற உறை போடவும் அது உதவாது. தாடை உடைந்தது, வாயில் புற்றுநோய் என்ற அளவுக்குப் போனால் கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள்.

2. போவதற்கு முன் தயார் செய்துகொள்ள வேண்டியவை

தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்பு தேய்மானத்துக்குப் போட்ட ஊசி, சர்க்கரை மாத்திரை மூன்றையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். பல்லைப் பிடுங்குவதற்கு முன் இவை தெரிந்தாக வேண்டும். சர்க்கரை ஏறிக் கிடந்தால் அன்றைக்குப் பிடுங்க மாட்டார்கள். ஒரு நாள் லீவும் ஆட்டோ காசும் போனதுதான் மிச்சம். சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் இருந்தால் அதுவும் இருக்கட்டும்.

பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். அப்புறம் ஒரு எண்ணை மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள்: வீட்டுச் செலவு போக மாதம் எவ்வளவு பல்லுக்கு ஒதுக்க முடியும்? இந்த எண் இல்லாமல் உள்ளே போகிறவர்கள்தான் கிளினிக் சொல்லும் எண்ணுக்குத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

3. முதல் நாள் பார்ப்பதற்கும் எக்ஸ்ரேக்கும் மட்டும் பணம்

முதல் நாள் முழு சிகிச்சைக்கும் பணம் கட்டாதீர்கள். வலி தாங்கவில்லை என்றால் அன்றைக்கே அந்த ஒரு பல்லை மட்டும் திறந்து வலியைத் தணிக்கச் சொல்லலாம். மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்து யோசிக்க வேண்டியவை.

ஒரு பல்லைப் பார்க்கச் சின்ன எக்ஸ்ரே போதும். வாய் முழுக்கப் பிரச்சினை என்றால் ஓபிஜி என்ற பெரிய எக்ஸ்ரே எடுப்பார்கள். ஸ்கேன் போன்ற சிபிசிடி என்பது இம்ப்ளான்ட் (எலும்பில் திருகு வைத்து அதன் மேல் மாட்டும் பல்), தாடைக்குள் புதைந்த பல் போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் தேவைப்படும். சாதாரணச் சொத்தைக்கு அதை எழுதினால் ஏன் என்று கேளுங்கள். எக்ஸ்ரேயின் பிரதியை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டும்போது திரும்ப எடுக்கும் செலவு மிச்சம்.

வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்குகிறது, வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த நேரத்தில் எஸ்டிமேட் ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டால் வீக்கம் கொஞ்சம் வடியலாம், ஆனால் சீழுக்குக் காரணமான பல் அப்படியேதான் இருக்கும். இரண்டு மூன்று தடவை மாத்திரையில் ஒப்பேற்றிவிட்டு வருகிறவர்களுக்குக் கடைசியில் பல்லும் மிஞ்சுவதில்லை.

4. எஸ்டிமேட்டைப் பல் வாரியாக எழுதி வாங்குங்கள்

"மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பல்லுக்கு என்ன வேலை, எவ்வளவு என்று தாளில் எழுதிக் கேளுங்கள்.

தாளில் 46, 18 என்று எண்கள் இருக்கும். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்று சொல்லும்: உங்கள் வலது மேல்பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. இரண்டாவது இலக்கம் நடுப்பல்லிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 46 என்றால் வலது கீழ்த்தாடையில் ஆறாவது, அதாவது முதல் பெரிய கடைவாய்ப் பல். 18 என்றால் வலது மேல்பக்க ஞானப்பல். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று எண்ணிப் பாருங்கள். வலிக்கிற பல்லின் எண்ணே தாளில் இல்லாமல் வேறு நான்கு எண்கள் இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும்.

ஒரு தாள் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: 46 ரூட் கெனால் (பல்லுக்குள் கெட்ட நரம்பை எடுத்துவிட்டு வேரை அடைப்பது), போஸ்ட் (மேல்கட்டைத் தாங்க வேருக்குள் வைக்கும் கம்பி), கேப், 47 ஃபில்லிங் (சொத்தையை அடைப்பது), 18 பிடுங்குதல், வாய் முழுக்க ஸ்கேலிங் (காரை எடுத்துச் சுத்தம் செய்வது). ரூட் கெனால் வரிக்குப் பக்கத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள்:

- நடுவில் எடுக்கும் எக்ஸ்ரேக்கள் இதில் அடங்குமா?
- வேர் வேலை முடிந்ததும் பல்லின் மேல்பகுதியைக் கட்டியெழுப்பத் தனிக் கட்டணமா?
- போஸ்ட் கட்டாயம் தேவையா, பல்லைத் திறந்த பிறகுதான் தெரியுமா?
- தற்காலிக கேப் சேர்த்தா? நிரந்தர கேப் எந்த வகை?
- வலி திரும்ப வந்து மறுபடி செய்ய வேண்டியிருந்தால் யார் செலவு?

ஒரு கிளினிக்கில் 3,500, இன்னொன்றில் 6,000 என்று சொன்னதைக் கேட்டுவிட்டு முதலாவதற்கு ஓடுவது எல்லோரும் செய்கிற தவறு. முதலாவதில் எக்ஸ்ரே தனி, மேல்கட்டு தனி, தற்காலிக கேப் தனி என்று வந்து கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிடும். கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு ஒப்பிட்டால்தான் ஒப்பீடு.

பல் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. பல்லை வெளுப்பது போல அழகுக்காகச் செய்யும் வேலைக்கு வேண்டுமானால் வரலாம். ரூட் கெனால் பில்லில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

5. வேலைகளை அவசரப்படி வரிசைப்படுத்துங்கள்

"பணம் ஒரேயடியாக இல்லை, எதை முதலில் செய்யலாம்?" என்று டாக்டரிடமே கேளுங்கள். இதில் கூச்சத்துக்கு இடமில்லை. நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். பொதுவாக வரிசை இப்படிப் போகும்.

முதலில் சீழும் வலியும். அடுத்தது, இன்னும் வலிக்காத ஆழமான சொத்தை. இந்த இரண்டாவதை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், அங்கேதான் பெரிய பணம் போகிறது. இன்றைக்கு ஃபில்லிங்கில் முடியும் பல், நரம்புவரை சொத்தை போய்விட்டால் ரூட் கெனாலும் கேப்பும் கேட்கும். செலவு பல மடங்காகும். வலிக்கும் பல்லில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு வலிக்காத பல்லை விட்டுவைத்தால், அடுத்த ஆண்டு அதே மேசைக்கு அதே காரணத்துக்காக வர வேண்டியிருக்கும்.

கூடவே ஸ்கேலிங். "சும்மா சுத்தம் செய்வதுதானே" என்று அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஈறு வீங்கி ரத்தம் கசியும் வாயில் கேப்புக்கு அளவு எடுத்தால் ஓரம் சரியாக உட்காராது. அதனால் கேப், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் பிடித்து நிற்கும் மாற்றுப் பல்) எதற்கும் முன்னால் ஈறு சரியாக வேண்டும்.

அதன் பிறகு, ரூட் கெனால் முடிந்த பல்லுக்குக் கேப். இதைத் தனிச் செலவாக நினைக்காமல், ரூட் கெனாலைத் தொடங்குவதற்கு முன்பே கேப்புக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். வலி போனதும் வருவதை நிறுத்திவிடுகிறவர்களை வாரத்துக்கு வாரம் பார்க்கிறேன். உள்ளே குடைந்தெடுத்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் முறுக்கைக் கடித்தால் பிளந்துவிடும். வேர் வரைக்கும் பிளந்தால் பிடுங்குவது தவிர வழியில்லை; ரூட் கெனாலுக்குக் கட்டியது அத்தனையும் போச்சு. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பல்லை உறுதியாக அடைத்து, உயரத்தைக் கொஞ்சம் குறைத்து, சில வாரம் தள்ளிப்போட வழி பார்ப்பார்கள்.

இழந்த பல்லுக்கு மாற்று வைப்பது இதற்கெல்லாம் பிறகு. அழகு வேலை கடைசி.

6. ஒவ்வொரு வரிக்கும் மலிவான மாற்றைக் கேளுங்கள்

கேப்பில் முழு உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா என்று வகைகள் உண்டு. பெரும்பாலும் உலோகம் மலிவு, சிர்கோனியா விலை அதிகம். சிரிக்கும்போது தெரியாத கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு உலோக கேப் நன்றாக உழைக்கும். பல்லையும் குறைவாகத்தான் தேய்ப்பார்கள். ஆனால் நீங்களாகக் கேட்டால் ஒழிய அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. முன்பல்லுக்கு மட்டும் விலை கொடுங்கள்.

இழந்த பல்லுக்கு இம்ப்ளான்ட், பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல் என மூன்று வழி. பிரிட்ஜ் என்றால் பக்கத்துப் பற்கள் இரண்டையும் தேய்க்க வேண்டும். அந்த இரண்டும் நல்ல பல்லாக இருந்தால் எனக்கு மனசு ஒப்பாது. பணம் சேரும்வரை கழற்றி மாட்டும் பல் போட்டுக்கொண்டு, பிறகு இம்ப்ளான்டுக்குப் போகலாம். இடத்தைச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், எலும்பும் வற்றும். அப்புறம் செய்வது கடினமாகும்.

"பிடுங்கிட்டா மலிவு" என்பது பாதிதான் உண்மை. ஞானப்பல்லுக்கு அது சரி, அங்கே மாற்றுப் பல் தேவையில்லை. முதல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் மெல்லும் வேலையே அங்கேதான் என்பதால் நாளைக்கு மாற்று கேட்பீர்கள். அதன் செலவு ரூட் கெனாலையும் கேப்பையும் தாண்டிவிடக்கூடும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கடைவாய்ப் பல்லின் வேர்கள் வளைந்து, நாளங்கள் குறுகியிருக்கும். அதைக் கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டும். சிக்கலான ரூட் கெனாலுக்கு அந்தத் துறையில் எம்டிஎஸ் என்ற முதுகலைப் படிப்பு முடித்தவர் வருவாரா என்று கேளுங்கள். கேப்பில் மிச்சம் பிடித்ததை இதில் கொடுக்கலாம்.

7. எந்த வேலையை எங்கே செய்வது

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிடுங்குவது, ஸ்கேலிங், சாதாரண ஃபில்லிங் போன்றவற்றுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போய், அங்கே முடியாததை மட்டும் வெளியே கொண்டுபோங்கள்.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலும், புதுக்கோட்டையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் உள்ளன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையைச் சுற்றியும் மற்ற மாவட்டங்களிலும் நிறைய இருக்கின்றன. மாணவர்களுக்குச் செய்து பழக நோயாளிகள் தேவை என்பதால் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. மேலே பேராசிரியர் ஒருவர் நின்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பார். "பசங்க கையில் பல்லைக் கொடுப்பதா" என்ற பயம் அவ்வளவாகத் தேவையில்லை. ஆனால் பொறுமை வேண்டும். கிளினிக்கில் இரண்டு சிட்டிங்கில், அதாவது இரண்டு தடவை போய் உட்கார்ந்தால், முடிவது அங்கே நான்கைந்து ஆகும்.

அங்கே போகும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். காலையிலேயே போய்ப் பதிவுச் சீட்டு வாங்குங்கள். மதியம் போனால் அன்றைக்குப் பார்த்தாலும் வேலை தொடங்காது. முதலில் ஓரல் மெடிசின் துறையில் வாய் முழுவதையும் பார்த்து, எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று எழுதுவார்கள். அதைத் தாண்டி நேராக ரூட் கெனால் துறை வாசலில் போய் நின்று பயனில்லை. கடைவாய்ப் பல் ரூட் கெனால் என்றால் முதுகலை மாணவர் செய்வாரா என்று கேட்டுப் பாருங்கள். சிகிச்சைக் கட்டணம் குறைவாக இருந்தாலும் கேப்புக்கு லேப் கட்டணம் தனியாக வரலாம், அதை முதல் நாளே கேளுங்கள்.

கல்லூரியில் பாதியில் நிற்கும் வேலைகளுக்குப் பெரும்பாலும் காரணம் தேர்வும் விடுமுறையும்தான். உங்கள் பல்லைப் பார்க்கும் மாணவருக்கு எப்போது தேர்வு, அவர் இல்லாவிட்டால் யார் தொடர்வார் என்று கேட்டு, மேற்பார்வை டாக்டரின் பெயரையும் புறநோயாளி எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ரூட் கெனாலை ஓரிடத்திலும் கேப்பை வேறிடத்திலும் செய்யலாம். முதல் இடத்திலிருந்து வேலை முடிந்தபின் எடுத்த எக்ஸ்ரேயை வாங்கிப் போவது மட்டும் அவசியம். அது இல்லாமல் கேப் போட எந்த டாக்டரும் யோசிப்பார்.

8. சிட்டிங் முடிய முடியப் பணம் கட்டுங்கள்

முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டிவிட்டால், நடுவில் டாக்டர் மாறினாலோ கிளினிக்கை மூடினாலோ நீங்கள்தான் அலைய வேண்டும். ரூட் கெனாலுக்கு அன்றன்றைய வேலைக்கு அன்றன்று. கேப்புக்கு அளவு எடுக்கும் நாளில் பாதி, ஏனென்றால் கிளினிக் லேபுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். மாட்டிய நாளில் மீதி. இம்ப்ளான்டில் எலும்போடு திருகு ஒட்டவே சில மாதங்கள் ஆகும், ஆகவே தவணைக்கு அதுவே வசதி: திருகு வைக்கும்போது ஒரு பங்கு, மேலே பல் மாட்டும்போது ஒரு பங்கு.

"இன்னைக்கே கட்டினா இந்த ஆஃபர்" என்றால் எனக்குச் சந்தேகம் வரும். நாளைக்கும் அதே நாற்காலி, அதே சிகிச்சைதான். தள்ளுபடி கேட்பதாக இருந்தால் எஸ்டிமேட்டுக்குப் பிறகு, வேலை தொடங்குவதற்கு முன், ஒருமுறை நேராகக் கேளுங்கள்: "மூன்று பல்லும் இங்கேயே செய்கிறேன், என்ன குறைப்பீர்கள்?" நிறைய இடங்களில் ஏதாவது குறைப்பார்கள்.

9. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

கிளினிக்கில் சொல்லும் வட்டியில்லா இஎம்ஐயை இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிகிச்சைக்கு 60,000, மாதம் 5,000 வீதம் 12 மாதம். செயலாக்கக் கட்டணம் 1,500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 270. அதே சிகிச்சைக்கு ரொக்கமாகக் கட்டினால் 57,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்த 57,000-ல் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 1,770 போக, உங்களுக்கு உண்மையில் கிடைத்த கடன் 55,230 தான், திருப்பிக் கட்டுவது 60,000. ஆண்டு வட்டி சுமார் 15.5 சதவீதம்! அதனால் "ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு?" என்ற கேள்வியை இஎம்ஐ பேச்சை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் ஒரே விலைதான் என்று சொல்லிவிடுவார்கள்.

2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கப்படும் தனிநபர் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் ஒரு விவரத் தாளைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஓடிபி சொல்வதற்கு முன் அந்தத் தாளைப் பாருங்கள். வரவேற்பு மேசையில் நிற்கும்போது போன் வாங்கி அவர்களே எல்லாவற்றையும் அழுத்திவிடுவார்கள், கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். கடன் தொகை முதல் நாளே கிளினிக்குக்குப் போய்விடும். சிகிச்சை பாதியில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது, ஏனென்றால் அந்தக் கடன் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலானது. எனவே மொத்தத் திட்டத்துக்கும் கடன் வாங்காமல், இப்போது முடியப்போகும் வேலைக்கு மட்டும் வாங்குங்கள்.

என் வரிசை இது: கையிருப்பு, அலுவலக முன்பணம், வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன், அதன் பிறகே இஎம்ஐ. கார்டில் தேய்த்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு போவது எல்லாவற்றிலும் மோசம். பல கார்டுகளில் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல்.

10. தாள்களைச் சேர்த்து வையுங்கள்

ஒவ்வொரு கட்டணத்துக்கும் பல் எண் போட்ட ரசீது வாங்குங்கள். பெற்றோருக்கு 60 வயது தாண்டி, அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லாமல், நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் அவர்களின் மருத்துவச் செலவுக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. கையில் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு அது கிடையாது. அப்பாவின் பல் செட்டுக்கு யுபிஐயில் கட்டுங்கள். ரசீது அப்பா பெயரில் இருக்கட்டும்.

வேலையில் குறை இருந்தால் முதலில் டாக்டரிடமே சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டுக்கும் எழுதி வாங்கிய எஸ்டிமேட்டும் ரசீதும் வேண்டும்.

கேப் மாட்டிய நாளில் மீதியைக் கட்டுவதற்கு முன் பல்லைக் கடித்துப் பாருங்கள், பக்கத்துப் பல்லோடு ஒட்டும் இடத்தில் நூல் விட்டுப் பாருங்கள். உயரமாகத் தெரிந்தால் அப்போதே தேய்த்துச் சரிசெய்வார்கள். சிர்கோனியா என்றால் லேபின் வாரன்டி அட்டையை உங்கள் பெயரும் பல் எண்ணும் போட்டுக் கையோடு வாங்குங்கள். அந்த வாரன்டி கேப் உடைந்தால்தான். கேப்புக்கு அடியில் பல் சொத்தையானால் அதற்கு இல்லை.